காட்டுப் பக்கம் வேலி இல்லை

இந்த வீட்டுப் பூட்டுக்குத் திறப்பு இல்லை. குடிவந்த அன்று வீட்டுக்காரர் கீத்திடம் கேட்டேன். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சற்று யோசித்தார். "ஒன்று இருந்திருக்கும், என் அப்பா காலத்தில்" என்று சொல்லிச் சிரித்தார். அவுஸ்திரேலியாவின் வடகிழக்கில், மழைக்காட்டின் விளிம்பில், வாழையும் கரும்பும் வைக்கிற இந்தக் கிராமத்தில் யாரும் கதவு பூட்டுவதில்லையாம். அன்று தொடக்கம் நான் படுக்கப்போகும்போது கதவுக்குக் கதிரை ஒன்றை முட்டுக்கொடுத்து வைக்கிறேன். "அம்மா, ஆரும் கண்டால் சிரிப்பினம்" என்கிறாள் மகள் வாணி. சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களுக்கு நான் பயப்படுவதில்லை.

ஊர் என்று சொல்ல இங்கே ஒரு கடை, ஒரு தபால் பெட்டி, தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். மாரியில் ஆறு ஏறினால் பாலம் தாழ்ந்துவிடும். பள்ளிக்கூட பஸ் வராது, பாணும் வராது. கண்டியில் கணிதம் படிப்பித்த நான் இங்கே கீத்தின் தோட்டத்துக் கொட்டிலில் நின்று வாழைக்குலைகளைச் சீப்புச் சீப்பாக வெட்டிப் பெட்டியில் அடுக்குகிறேன். விவசாயத் திணைக்களத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த என் கணவர் அதே கீத்தின் தோட்டத்தில் உழவு இயந்திரம் ஓட்டுகிறார். எனக்குக் கசக்கிறது. அவருக்குக் கசக்கவில்லை. காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டு, மண்ணை அள்ளி மணந்து பார்த்துவிட்டு, "இஞ்சேரும், கம்பளைப் பக்கத்து மண்ணேதான். மிளகு வைச்சால் பொன்னாய் விளையும்" என்பார்.

இந்த மழைக்குள் கீத் வீட்டையும் அதைச் சுற்றியுள்ள காணியையும் எங்களுக்கே விற்பதாகச் சொன்னார். காட்டை அரசாங்கம் பாதுகாக்கப் போகிறது, மரம் தறிக்க முடியாது, ஓரத்துக் காணிகளுக்கு இனி மதிப்பில்லை என்று ஊரெல்லாம் பயம். உல்லாசப் பயணிகள் வருவார்கள், விலை ஏறும் என்று சொல்பவர்களும் உண்டு. மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரி மோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு இது விளங்காது. பிறந்து வளர்ந்த இடத்தை ஒருநாள் யாரோ வந்து உன்னுடையதில்லை என்று சொன்னால் எப்படியிருக்கும்?" என்று கண் கலங்கினாள். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? கீத்திடம், உங்களுக்கு முன்பு இது யாருடைய காணி என்று கேட்டேன். "யாருடையதுமில்லை, சும்மா காடு" என்றார். பட்டினத்துக்குப் போகும்போது பூங்கா மரத்தடியில் இந்த மண்ணின் ஆதிக்குடிகளான கறுத்த மனிதர்கள் சிலர் இருப்பதைக் கண்டிருக்கிறேன். மண்டபத்துக் கூட்டத்துக்கு அவர்களை ஒருவரும் அழைக்கவில்லை.

சிட்னியில் இருக்கும் மச்சாள் ரெலிபோனில் சிரித்தாள். "காட்டுக்கையோ காணி வாங்கப் போறியள்? கோயிலுமில்லை, கறிவேப்பிலையுமில்லை. வாணிக்கு மாப்பிள்ளை பாக்கிறதெண்டால் மலைப்பாம்பைத்தான் கேக்கவேணும்."

"மலைப்பாம்பு சீதனம் கேக்காது மச்சாள்" என்றேன்.

அவளிடம் பகிடி விட்டேனே தவிர, நான் கணவருக்குச் சம்மதம் சொல்லவில்லை. இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். இனிச் சொந்தமாக ஒன்றும் வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓட முடியாத எதுவும் வேண்டாம் என்பதே என் எண்ணம். வாணி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு, "எத்தனை பள்ளிக்கூடம் அம்மா? எனக்கு ஒரு சிநேகிதியோட எண்டாலும் ரெண்டு வருசம் சேர்ந்து படிக்கவேணும்" என்றாள். கணவர் பேப்பரில் காணியின் படத்தைக் கீறி, "முதல் வேலை வேலி. செவ்வரத்தைத் தடியளைக் கதியாலாய் நட்டால் இந்த மழைக்கு ஒரு கிழமையிலை துளிர்க்கும்" என்றார். வேலி என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து குசினிக்குள் போய்விட்டேன்.

யாழ்ப்பாணத்தார் காணி வாங்கினால் வீட்டுக்கு முதல் வேலிதான் எழும்பும். கண்டியில் மஹய்யாவைக்கு மேலே சரிவில் நாங்கள் வீடு கட்டியபோதும் அப்படித்தான். அந்தச் சரிவில் வேறு எந்த வீட்டுக்கும் வேலி இல்லை. ஒருவர் முற்றத்தால் இன்னொருவர் இறங்குவார், படிக்கட்டுகள் எல்லாருக்கும் பொது. நாங்கள் மட்டும் சீமெந்துத் தூண் நிறுத்தி முள்ளுக்கம்பி இழுத்து, பின்புறம் ஆளுயரத் தகரமும் அடித்தோம். பின்வீட்டுச் சிங்களப் பெண் ஹேமா கிணற்றுக்குப் போய்வரச் சின்ன வழி கேட்டாள். ஊரில் அயலவருக்கென்று வேலியில் நுழைந்துபோகப் பொட்டு விடுகிறவர்கள்தான் நாங்கள். ஆனால் அது வேற்றூர், களவு நடக்கும் என்று கணவர் விடவில்லை. அவள் சுற்றிப் போனாள், கோபிக்கவில்லை.

எண்பத்துமூன்றில் தமிழருக்கு எதிரான கலவரம் கண்டியில் தொடங்கிய அன்று கணவர் வேலையாகக் கடுகண்ணாவைக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடத்தை நேரத்தோடு மூடிவிட்டார்கள். நகரத்துக் கடைகளிலிருந்து புகை எழும்புவதை முற்றத்தில் நின்று நானும் எட்டு வயது வாணியும் பார்த்தோம். சரிவில் ஏறி வந்தவர்கள் எவரிடமும் எது தமிழரின் வீடு என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை, வேலி போட்ட வீடு ஒன்றுதான் இருந்தது. அவர்கள் கேற்றை உடைக்க, பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். தகரம். இரண்டு கையாலும் அடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஹேமாவின் குரல் கேட்டது: "டீச்சர், மெஹாட்ட எண்ட!" இந்தப் பக்கம் வா என்கிறாள். எப்படி வருவது? அவளுடைய புருஷன் மண்வெட்டியால் தகரத்தை நெம்பினான். எங்கள் தகரம் நல்ல தகரம், லேசில் விடவில்லை. வாணியைத் தலைகீழாக அந்த இடுக்கால் தள்ளினேன். பின்னால் நானும் நுழைந்தேன். அவளுடைய தோளில் தகரம் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு நடந்ததில் அவளுக்கு என்ன நினைவிருக்கிறது என்று நான் இதுவரை கேட்டதில்லை.

வீடு எரிந்தது. முகாம், பிறகு யாழ்ப்பாணம், அங்கே ஷெல், பிறகு கொழும்பு, பிறகு இங்கே. கண்டிக் காணி இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. தூண்கள் மட்டும் நிற்பதாக யாரோ சொன்னார்கள்.

பெற்றவள் எவ்வளவு காலம் பிடிவாதமாக நிற்பது? வாணி சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழும்பிய ஒரு மத்தியானம் கணவரிடம் சொன்னேன். "கையெழுத்து வைக்கிறன். ஆனால் காட்டுப் பக்கம் வேலி அடைக்கக் கூடாது."

"நாலு பக்கமும் அடைச்சால்தானே வேலி?"

"எனக்கு மூண்டு பக்கம் போதும்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்று பக்கத்துக்கு வேண்டிய கதியால்களை எண்ணி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கையெழுத்து வைத்தாயிற்று. மூன்று பக்கமும் செவ்வரத்தை துளிர்த்துவிட்டது. போன கிழமை மோரீன் கேக் ஒன்றோடு வந்து, திறந்து கிடந்த பின்பக்கத்தைக் கண்டு நின்றாள். காட்டிலிருந்து கசோவரி என்றொரு பெரிய பறவை, தீக்கோழி மாதிரி, குஞ்சுகளோடு அந்த வழியால்தான் ஆற்றுக்குப் போகுமாம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதை மறித்து அடைத்துவிடுகிறார்களாம். "பறவைக்கு வழி விட்டிருக்கிறாயே, எவ்வளவு நல்ல மனம் உனக்கு" என்றாள். நன்றி சொன்னேன். கேக்கை வெட்டினேன்.

பின்னேரங்களில் வாணி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தால்தான் சிநேகிதியோடு ஆற்றுக்கு நீந்தப் போகிறாள். அவள் காலடி பட்டுப் புல்லில் ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. நான் குசினி யன்னலில் நின்று, குசினிக் கதவிலிருந்து முதல் மரம் வரை அவள் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் ஆடி அசைந்து, பூவைப் பிடுங்கி, சிரித்துச் சிரித்துப் போகிறாள். கெதியாக நட பிள்ளை என்று வாய்வரை வரும். பாதி வழியில் அவள் திரும்பிப் பார்த்துக் கை காட்டுவாள். இது எங்கள் காணி, நானும் கை காட்டுவேன்.