தோட்டத்துல இருக்கறோமுங்க

கல்லூரி ஆபீஸ் வராந்தாவில் அன்று இருந்தவர்கள் நான், என் தங்கை, ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் இருந்த பீர்மேட்டுப் பெண், ஜன்னலுக்கு உள்ளே கிளார்க். நாலே பேர். அந்தப் பீர்மேட்டுக்காரி இல்லாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

நாங்கள் இருளர். கேரள எல்லையில் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு கவுண்டர் தோட்டத்துச் சாளையில், கூலியாட்களுக்கு விட்ட குடிசையில், குடியிருந்து, அங்கேயே கூலிக்குப் போனோம். நான் ஆறாவதோடு நின்றவள். தங்கை பி.ஏ. வரை வந்துவிட்டாள். கல்லூரியில் யார் கேட்டாலும், "தோட்டத்துல இருக்கறோமுங்க" என்பாளாம். பொய்யில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் நிலம், கிணறு, மாடு எல்லாம் சொந்தம் என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள். நினைக்கட்டும் என்றுதான் அவளும் சொன்னாள்.

பழங்குடிப் பிள்ளைகளுக்கு வரும் ஸ்டைபெண்டை அதனால்தான் அவள் வாங்கவில்லை. வாங்கினால் தெரிந்துவிடும். மெஸ் பாக்கி ஏறிப்போய், இனி கட்டாமல் சாப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டைபெண்டை வாங்கு என்று லீவில் வந்தபோதெல்லாம் கெஞ்சிப் பார்த்திருந்தேன். சாப்பாடு நின்ற பிறகுதான், யாருக்கும் தெரியாமல் வாங்கிவிடலாம் என்று என்னைத் துணைக்கு வரச் சொன்னாள். அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு அதே யோசனை. பணம் திரும்பிப் போயிருக்குமோ, நான் ஏதாவது உளறி அவள் மானம் போகுமோ.

தங்கை என் காதருகில் வந்தாள். "அக்கா, அவளக் கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடு. அதுக்குள்ள நான் கையெழுத்துப் போட்டர்றேன்."

எங்கே கூட்டிப் போவது? வந்ததிலிருந்து தங்கையின் தோளில் போட்ட கையை அவள் எடுக்கவேயில்லை. நான் தொட்டால் மட்டும் தங்கை சேலை கசங்கும் என்று நகர்ந்துகொள்வாள்.

அதற்குள் கிளார்க் தலையை நீட்டி, மலையாளமும் தமிழுமாக, "இருளர் அல்லே? பேருண்டு, ஒப்பு மாத்ரம் போட்டா மதி," என்றார். கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம்.

தங்கை முகம் செத்துப் போனது.

"நீ இருளரா பிள்ள?" என்றாள் பீர்மேட்டுக்காரி. "தோட்டம்னு சொன்னியே. எங்கள மாதிரி லயத்துல கெடக்கிற ஆளுன்னுல்ல நெனச்சேன்."

அவள் ஊரில் தோட்டம் என்றால் தேயிலை. தோட்டத்து ஆள் என்றால் லயத்து வரிசை வீடுகளில் இருந்து கொழுந்து கிள்ளுகிறவர்கள்.

"கவுண்டர் வீட்டுப் பொண்ணுன்னு நெனைக்கலியா?" என்று மெல்லக் கேட்டாள் தங்கை.

"ஒன்னையா? போடி. கையெழுத்தப் போடு மொதல்ல. எங்கப்பா சாதி சர்டிபிகேட்டுக்கு அலைஞ்சே செருப்புத் தேஞ்சுது. இங்க கேட்டா தமிழ்நாட்டுக்குப் போங்கறான், அங்க கேட்டா கேரளாவுக்குப் போங்கறான். ஒனக்குக் கூப்புட்டுத் தாரான், கசக்குதாக்கும்?"

தங்கை சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கினாள்.

சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். நெஞ்செல்லாம் எரிந்தது. தங்கை படிக்கிறாளே என்றுகூட அப்படி எரிந்ததில்லை. கூச்சப்படாமல் வாங்கு என்று ஒரு வருஷம் நான் கெஞ்சி நடக்காதது, அவள் 'போடி' என்றதும் நடந்துவிட்டது. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். பணத்தை என் கையில் கொடுத்தபோது தங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தனியாக மெஸ்ஸுக்குப் போய் முழுவதையும் கட்டினேன். அதற்குமேலும் முப்பத்தெட்டு ரூபாய் பாக்கி.