சோதனைச் சாவடியில் ஒரு 'போயிட்டு வரேன்'

துப்பாக்கி ஏந்திய சிப்பாயிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லி விடைபெற்ற முட்டாள் இந்த உலகத்தில் ஒருவன்தான் இருப்பான். அவன் அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறான் என்பது இன்னும் கேவலம்.

எங்கள் துறைத்தலைவர் அம்மையாரை எல்லோரும் மேடம் என்போம். ஜெயங்கொண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவர். இஸ்ரேலியர்களும் பாலஸ்தீனர்களும் சேர்ந்து செய்யும் சமாதான முயற்சிகளை நேரில் பார்த்துப் படிக்க எங்கள் சிறு குழுவை அழைத்துப் போனவர் அவர்தான். என்னைச் சேர்ப்பதில் அவருக்கு விருப்பமே இல்லை. "இவன் அங்க வந்தும் ஜோக்கடிப்பான்" என்று என் எதிரிலேயே சொன்னார். அடிக்கவில்லை, நானே ஜோக்காகிவிட்டேன்.

பெத்லகேமில் எங்களோடு இருந்தவர் ஒரு பாலஸ்தீன டீச்சர். ஜெருசலேமில் இருக்கும் ஓர் இஸ்ரேலிய டீச்சரோடு சேர்ந்து, இரண்டு பக்கத்துப் பெற்றோர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைப்பவர். ஜெருசலேம் போக அவருக்கு ஒவ்வொரு முறையும் இஸ்ரேல் ராணுவத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். பல மாதம் மறுத்துவிட்டு, அன்று ஒரு பகலுக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரோடு நாங்களும் சோதனைச் சாவடியின் கம்பி வழியில் நடந்தோம்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சிப்பாய்க்கு எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவன் வயதுதான் இருக்கும். என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தான். நல்லபடியாக முடிந்ததே என்ற சந்தோஷத்தில் நம்மூர் மரியாதை நாக்கில் வந்து நின்றது. அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து, "போய்விட்டு வருகிறேன் சார்" என்றேன்.

"எப்போது?" என்றான்.

சும்மா சொன்னேன் என்றேன். அந்த இடத்தில் சும்மா என்று எதுவும் கிடையாது. ஏன் வருவாய், யாரைப் பார்க்க வருவாய், யாரோடு வந்தாய்? அவன் பார்வை டீச்சர் பக்கம் திரும்பியது. அவருடைய சீட்டும் உள்ளே போய்விட்டது. வெயில் ஏற ஏற, அவர் தன் புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயக் கட்டிக்கிட்டு வர மாட்டியாப்பா நீ? இன்னைக்கு வுட்டா அந்தப் பொண்ணுக்கு இனிமே எப்பக் கெடைக்குமோ!" என்று மேடம் பல்லைக் கடித்தார். பிறகு கண்ணாடி முன் போய் நின்று, காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாணவனிடம் பேசும் அதே குரலில் ஆரம்பித்தார். "எங்கள் ஊரில் போகிறேன் என்று சொல்ல மாட்டோம் தம்பி. சொன்னால் திரும்பி வராமல் போய்விடுவோமோ என்று பயம். கடைக்குப் போனாலும் போய்விட்டு வருகிறேன்தான்." ஆங்கிலத்துக்கு நடுவே அந்தத் 'தம்பி' மட்டும் தமிழிலேயே விழுந்தது. பையன் சிரிக்கவில்லை. மேலதிகாரியை அழைத்தான். அவரும் சிரிக்கவில்லை. மேடம் அவருக்கும் முதலிலிருந்து பாடம் எடுத்தார். இவர்களை அனுப்பிவிடுவதே நிம்மதி என்று கடைசியில் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தபோது கூட்டம் பாதி முடிந்திருந்தது. இஸ்ரேலிய டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். இருவரும் கட்டிக்கொண்டார்கள், கையை எடுப்பதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. "உங்கள் பிள்ளைகள்தான் நிறுத்தி வைத்தார்கள்" என்றார் எங்களோடு வந்த டீச்சர். "தெரியும், சொல், எல்லாவற்றையும் சொல்" என்றார் அவர். சமாதானம் என்றால் சத்தமில்லாமல் இருக்கும் என்று நினைத்துப் போனவன் நான். அந்த அறையோ உடையார்பாளையத்துச் சம்பந்தி வீட்டார் சீர் பேசுவது போல் இருந்தது. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை.

திரும்பும் வழியில் டீச்சர், நான் சொன்னதையும் சிப்பாய் கேட்டதையும் தமிழில் சொல்லித்தரச் சொல்லி மேடத்திடம் கற்றுக்கொண்டார். சொல்லிவிட்டுப் போயும் வர முடியாதவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். எதற்கும் பதில் வைத்திருக்கும் மேடம் அதற்குத் தன் ஃபோன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

மேடம் இப்போது ஓய்வுபெற்று முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். காஸாவில் போர் மூண்டதிலிருந்து டீச்சருக்கு அனுமதி இல்லை. கூட்டம் ஃபோனில்தான் நடக்கிறதாம், சண்டையும்தான். போன வாரம் நான் மேடம் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் டீச்சருக்கு வீடியோ கால் போட்டு, "இந்தா, ஒன் வாயால மாட்டுனவங்க" என்று என் கையில் கொடுத்தார். டீச்சர் இளைத்திருந்தார். பேசி முடித்ததும், எத்தனை பட்டாலும் திருந்தாத என் நாக்கு தமிழிலேயே சொல்லிவிட்டது: "போயிட்டு வரேன் டீச்சர்."

டீச்சர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"எப்ப?" என்றார்.