கொளஞ்சியின் காதில் புகுந்த தண்ணீர்

பட்டம் வாங்கிய அன்று, விழா முடிந்த கையோடு இதை எழுதுகிறவன் அப்பா அம்மாவை நோணாங்குப்பம் படகுத்துறைக்கு அழைத்துக்கொண்டு போனான். அந்தக் குடும்பத்துக்கே அதுதான் முதல் பட்டம். கறுப்பு அங்கியோடு எடுத்த படங்கள் அத்தனையும் அம்மா கையிலிருந்த போனில் இருந்தன. படகில் ஏறக் காலைத் தூக்கி வைக்கும்போது அம்மா அதைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். 'போச்சே, எம் புள்ள படம் போச்சே' என்று அவள் கத்தியதில் துறையே திரும்பிப் பார்த்தது. படகோட்டி சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தார். மூன்றாவது தடவை மூழ்கி எழுந்தபோது சேறு வழிய போன் கையில் இருந்தது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். அவர் அவள் வாயையே பார்த்துத் தலையாட்டிவிட்டு, இடது காதைச் சுண்டுவிரலால் குடைந்தபடியே இஞ்சினைக் கிளப்பப் போனார்.

அவர்தான் கொளஞ்சி. மற்றதெல்லாம் பிறகு அவரோடு பழகித் தெரிந்துகொண்டது.

கொளஞ்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. விருத்தாசலம் பக்கம் முந்திரிக்காட்டு ஊர். படகுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. மனைவி அமுதவல்லி மஞ்சள் காமாலையில் போய் ஒன்பது வருஷம். ஒரே மகள் கலைவாணியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா மரி-க்ளேர், அவரும் தனிதான். பிள்ளைகள் பிரான்சில். மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஆறு வருஷமாக இருந்த பேச்சு 'மோட்டார் போட்டாச்சா', 'கேட்டைச் சாத்துங்க' அவ்வளவுதான்.

ஆனால் படகில் ஏறிவிட்டால் கொளஞ்சிக்கு ஆள் துணைக்குக் குறைச்சல் இல்லை. பின்பக்கம் இஞ்சின் பக்கத்தில் அவர் உட்கார, எதிரே முப்பது பேர் அவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். 'அண்ணே, ஆழம் எவ்ளோ?' 'தாத்தா, முதலை வருமா?' 'பீச்சுல எவ்ளோ நேரம் விடுவீங்க?' கடற்கரை வரைக்கும் யாராவது ஏதாவது கேட்பார்கள். புதுப் பெண்டாட்டி புருஷனை முறைப்பாள், பாட்டிகள் சாமி கும்பிடுவார்கள். பகல் முழுக்க அவர் இதில்தான் இருந்தார். சாயங்காலம் அறைக்கதவைத் திறந்தால் மறுநாள் காலைவரைக்கும் ஒருத்தர் முகமும் கிடையாது.

போனுக்காகக் குதித்த அன்றிலிருந்து இடது காது அடைத்துக்கொண்டது. உள்ளே தண்ணீர் தளும்புவது மாதிரியே இருந்தது. இது ஒன்றும் புதிதில்லை, வருஷத்தில் பத்துத் தடவை கொலுசுக்கும் கண்ணாடிக்கும் குதிக்கிறவர்தான். தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் நாலு குதி குதித்தால் சூடாகச் சொட்டு விழும், காது திறந்துகொள்ளும். இந்தத் தடவை குதித்துக் குதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"இன்னா மாமா, கோயிலுக்கு ஏதாச்சும் வேண்டுதலா? துறை பூரா நொண்டி ஆடிக்கிட்டு கீற?" என்றான் அடுத்த படகு முருகையன்.

"காதுல தண்ணிடா."

"வெயில்ல காஞ்ச கல்லுல காத வச்சுப் படு. கெணத்துல குளிச்சா அப்டித்தான எடுப்போம்?"

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் துறையின் கருங்கல் படியில் துண்டை விரித்து, அதன்மேல் காதை வைத்துப் படுத்தார். கன்னம் சிவந்தது, தண்ணீர் வரவில்லை. மறுநாள், தண்ணீரைத் தண்ணீர்தான் கூட்டிக்கொண்டு வரும் என்று டீக்கடைக்காரர் சொன்னாரென்று ஒரு கை தண்ணீரைக் காதில் ஊற்றிச் சட்டென்று கவிழ்த்தார். ஊற்றினது வந்தது. உள்ளே இருந்தது அப்படியே இருந்தது. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். அது இதமாகத்தான் இருந்தது, அந்த ஐந்து நிமிஷத்துக்கு.

விஷயம் வெறும் காதோடு நின்றிருந்தால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். மாசக்கடைசிக்குள் படகோட்டிகள் எல்லோரும் உடல் தகுதிச் சான்றிதழ் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று படகுத்துறை அலுவலகப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். இந்த வருஷம் காதும் பார்க்கிறார்களாம். தேறாதவர்கள் கரையில்தான். கரையில் என்றால் மிதவைச் சட்டை கொடுக்கிற இடம். அங்கே நின்றால் ஜனங்கள் கையை நீட்டிச் சட்டையை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். ஒருத்தரும் நின்று பேசமாட்டார்கள். மாசம் முடிவதற்குள் இந்தத் தண்ணீரை எப்படியாவது எடுத்தாக வேண்டும்.

கடைசியாக முருகையன் சொன்னது பூண்டு எண்ணெய். "நல்லெண்ணையில ரெண்டு பல்லு தட்டிப்போட்டுக் காச்சி, வெதுவெதுன்னு ரெண்டே சொட்டு. அக்கா இருந்தா மடியில சாச்சு வுட்ருக்கும். நீ யாரயாச்சும் வுடச் சொல்லு."

யாரையாச்சும். கொளஞ்சி அன்று சாயங்காலம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, கரண்டிக் காம்பில் எண்ணெயை எடுத்துத் தானே விட்டுக்கொள்ளப் பார்த்தார். தன் காது தன் கண்ணுக்குத் தெரியுமா? முதல் சொட்டு கன்னத்தில், இரண்டாவது கழுத்தில், மூன்றாவது தலையணையில். எழுந்து உட்கார்ந்து தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், கூச்சத்தோடு கதவைத் தட்டினார்.

"மதாம், ஒரு ரெண்டு சொட்டு மட்டும்..."

மரி-க்ளேர் கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தார். "எண்ணெயா? காதுக்குள்ள என்ன அப்பளமா பொரிக்கப் போறீங்க, கொளஞ்சி? உள்ள சவ்வு கிழிஞ்சிருந்தா என்ன பண்ணுவீங்க? கொண்டுபோய் ரசத்துல ஊத்துங்க."

அப்படிச் சொன்னாரே தவிர, ஆளைத் திருப்பி அனுப்பவில்லை. மகள் நத்தாலி விட்டுப்போன தலைமுடி உலர்த்துகிற மிஷினை எடுத்துவந்தார். முற்றத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார். காது மடலை ஒரு கையால் மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு முழம் தள்ளி மிஷினைப் பிடித்தார். இளஞ்சூடாகக் காற்று வந்தது. ஒன்பது வருஷத்தில் இன்னொரு மனுஷர் கை தன் காதில் படுவது அதுதான் முதல் தடவை என்று கொளஞ்சிக்குத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாளும் ஆறு மணிக்கு, அந்த அம்மா மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் ஸ்டூல் போட்டாயிற்று. அதற்கு மறுநாளும். தண்ணீர் வரவில்லை. ஆனாலும் நாலு மணியிலிருந்தே கொளஞ்சி ஆறு மணிக்காகக் காத்திருந்தார்.

மூன்றாவது நாள் மிஷினை நிறுத்திவிட்டு மரி-க்ளேர் அவருக்கு முன்னால் வந்து நின்றார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"நான் கேட்டது தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க. இப்படி வாயே திறக்காம இருந்தா எப்படி?"

"நீங்க இன்னா கேட்டீங்க, மதாம்?"

"உங்க சம்சாரம் பேர் என்னன்னு. மூணு நாளா கேக்கறேன். மிஷின நிறுத்தி நிறுத்திக் கேக்கறேன்."

"நீங்க ஒண்ணும் கேக்கலியே!"

அந்த அம்மா அவரையே உற்றுப் பார்த்தார். "திரும்பி உக்காருங்க. சுவரைப் பாருங்க." கொளஞ்சி திரும்பி உட்கார்ந்தார். சுவரில் ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. அது ஓட்டைக்குள் நுழைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கை விழுந்ததும் திடுக்கிட்டார்.

"நாலு தடவ உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்" என்றார் மரி-க்ளேர். "இடது பக்கம் இல்ல. வலது பக்கம், நல்ல காதுப் பக்கம் நின்னு."

கொளஞ்சி ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தார். டீசல் இஞ்சின் போடுகிற சத்தத்தில் படகோட்டிகள் யாரும் காதால் பேசுவதில்லை. கையும் வாயும் போகிற போக்கை வைத்தே எல்லாம் புரிந்துபோகும். எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளை முதலையைத்தான் கேட்கிறது என்று உதட்டைப் பார்த்தே தெரியும். போன வருஷச் சான்றிதழுக்குக்கூட டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேரையும் வயசையும்தான் கேட்டார். கலைவாணி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் போனை முழுச் சத்தத்தில் வைத்துக் காதோடு அழுத்திக்கொள்வார். "ஏம்ப்பா கத்திப் பேசுற?" என்று அவள் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். வீட்டில் இன்னொருத்தர் இருந்திருந்தால், எத்தனை தரம் கூப்பிடறது, திரும்பமாட்டியா என்று என்றைக்கோ சண்டை போட்டிருப்பார்கள். கூப்பிட ஆள் இல்லாத வீட்டில் காது எப்போது போனது என்று யார் சொல்வது?

போன மாசம் அலையாத்தி மரத்து வளைவில் முருகையன் படகு உரசுகிற மாதிரி வந்து விலகிப் போனது. "ஹாரன் அடிச்சுக்கினே வரேன், காதுல பஞ்சா?" என்று அவன் கத்தியதைக் கொளஞ்சி கேலி என்றுதான் எடுத்துக்கொண்டார். அன்று படகில் இருபத்தெட்டுப் பேர். முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை.

பழைய டாக்டரிடமே போயிருக்கலாம். முகத்தைப் பார்த்தே பதில் சொல்லித் தேறியும் இருக்கலாம். முருகையன்கூட அதைத்தான் சொன்னான்: "ரெண்டு நிமிசம் அந்தாளு வாயப் பாத்துக்க மாமா, முடிஞ்சுது கதை." கொளஞ்சி சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவுக்குப் போய் வரிசையில் நின்றார்.

டாக்டரம்மா சின்ன வயசு. இடது காதிலிருந்து ஊறிப்போன அழுக்கை உருண்டையாக எடுத்துத் தட்டில் போட்டுக் காட்டினார். "தண்ணி எல்லாம் எப்பவோ வடிஞ்சிடுச்சுங்க. அழுக்கு ஊறி அடைச்சிருந்தது, அவ்ளோதான்." இடது காது உடனே லேசானது. கொளஞ்சிக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்காரவைத்து, காதுக்கு மூடி மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கொளஞ்சி பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நெடுநேரம் அந்த விரலுக்கு வேலையே வரவில்லை.

"இஞ்சின் சத்தம். ரெண்டு காதுலயும் நரம்பு போயிருக்கு" என்றார் டாக்டரம்மா, அவர் முகத்துக்கு நேரே குனிந்து. "எந்தச் சொட்டு மருந்தாலும் திரும்பாது. காது மிஷின் வச்சா கொஞ்சம் கேக்கும். படகு மட்டும் வேணாங்க."

திங்கட்கிழமை டாக்டரம்மா எழுதிக்கொடுத்த காகிதத்தைக் கொளஞ்சியே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தார். முருகையன் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "அமுதவல்லி, மதாம். என் சம்சாரம் பேரு" என்றார். மரி-க்ளேர் காபி போட்டுக் கொடுத்தார். ஆறு மணிக் காபி நாலு மாசம் நடந்தது. பங்குனியில் அந்த அம்மாவின் மகன் தியரி வந்து, இனிமேல் தனியாக விடமுடியாது என்று அவரைப் பிரான்சுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது.

கொளஞ்சி இப்போது நோணாங்குப்பம் படகுத்துறையில் மிதவைச் சட்டை கொடுக்கிற இடத்தில் இருக்கிறார். வலது காதில் மிஷின் வைத்திருக்கிறார். முத்தியால்பேட்டையில் அதே மாடி அறைதான். வீட்டுக்கு வந்ததும் மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறார், பேட்டரி வீணாகாமல் இருக்க.