இருபத்துநாலாம் போர்ட்

ஆறு மாதத் தற்காலிக வேலையில் எனக்கு அது ஆறாவது மாதம். ஆரியசாலையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவரின் புதிய ஆபீசில் போன்களை இணைக்க மேனேஜர் என்னை அனுப்பினார். "அண்ணாச்சி வாயால ஒரு நல்ல வார்த்தை வந்தா ஒன்ன நிரந்தரமாக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு, அவர் மலையடிவாரத்து வித்துராவில் மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டார்.

போனுக்குத் தனியாகக் கரண்டு வேண்டாம், பேச்சு போகிற கேபிளிலேயே கரண்டும் போகும் என்பது அப்போது புதுசு. அதைக் கொடுக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியில் இருபத்துநாலு போர்ட்டுகள். அண்ணாச்சி பெட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

"எனக்கு ராசி ஆறு. ரெண்டும் நாலும் ஆறு. அந்தக் கடைசி ஓட்டைல எனக்க போனக் குத்து, கேட்டியா?"

குத்தினேன். சாயங்காலம் எல்லாப் போன்களிலும் விளக்கு எரிந்தது. என்னை நான் என்ஜினீயர் என்று நம்பிய கடைசி நாள் அது.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம். அதற்குள் திருநெல்வேலியிலிருந்து அண்ணாச்சியின் அண்ணன் பேச வேண்டும். புது ஆபீசின் முதல் போன். ஏழு மணிக்கு, சாமி படத்துக்கு மேலே தொங்கிய ஒரு கேமராவைக் காட்டி, "இதயும் மாட்டிரு" என்றார் அண்ணாச்சி. காலியாக இருந்த மூன்றாம் போர்ட்டில் மாட்டினேன். கேமரா கண் திறந்தது. அண்ணாச்சியின் போன் கண்ணை மூடியது.

கேபிளை மாற்றினேன். போனை மாற்றினேன். போனிடம் கெஞ்சினேன். பிறகுதான் புரிந்தது: கரண்டு பற்றாவிட்டால் பெட்டி சின்ன நம்பர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி நம்பரைக் கைவிடும். அதை மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் பாஸ்வேர்டு மேனேஜரிடம். அவருடைய மொபைலோ பரிதிக்குப் புறத்து, அதாவது எல்லைக்கு வெளியே, என்று ஒரு பெண் இனிமையாக மலையாளத்தில் சொன்னாள்.

"கேமராவைக் கழற்றட்டா அண்ணாச்சி?"

"நல்ல நேரத்துல எரிஞ்சத அணைக்கச் சொல்லுதியா? கொள்ளாமே, நல்லாருக்கே!"

"அப்ப உங்க போன ஒண்ணாம் நம்பர்ல குத்தட்டா?"

"ஒண்ணு எனக்கு ஆகாதுடே."

யாருக்கும் தெரியாமல் கணக்கரின் கேபிளைப் பிடுங்கினேன். அண்ணாச்சியின் போன் விழித்தது. அதே நொடியில் ஹாலின் மூலையிலிருந்து அலறல்: "அய்யோ, அண்ணாச்சி! இந்தப் பய எனக்க போன அணைச்சுப்போட்டான்!"

திரும்பக் குத்தினேன். கணக்கர் பிழைத்தார், அண்ணாச்சியின் போன் மறுபடி செத்தது. பத்துப் பதினைந்து பேர் என்னையே பார்த்தார்கள். நான் லேப்டாப்பில் கண்டதையெல்லாம் தட்டினேன். ஏதோ செய்கிறான் என்று அவர்கள் நினைக்கட்டும் என்பதைத் தவிர வேறு நோக்கமில்லை.

ஏழு இருபத்தெட்டுக்குத்தான் கோடவுன் ஞாபகம் வந்தது. அங்கே போன் உண்டு, அலற ஆளில்லை. பிடுங்கினேன். அண்ணாச்சியின் போன் எரிந்தது. ஆனால் அந்த ஜாதிப் போன் விழித்ததும் பேசாது. சோம்பல் முறித்து, நம்பரைத் தேடி எடுத்து, எழுந்து உட்கார மூன்று நிமிஷம் ஆகும்.

ஏழு முப்பத்தொன்றுக்கு மணி அடித்தது.

"அண்ணாச்சி, எடுங்க! அண்ணன்தான்!"

"கைய எடுவே. ராகு காலத்துலயா மொத போனு?"

அண்ணன் விடுகிற ஆள் இல்லை. ஒன்பது மணி வரை விட்டுவிட்டு அடித்தார். அண்ணாச்சி கைகட்டி உட்கார்ந்து, போனை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உயிர் கொடுத்த போன் அது. அதன் வாயை அடைக்கவும் எனக்கு அனுமதியில்லை.

பழவங்காடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மேனேஜர் போனில் கூப்பிட்டார். அண்ணாச்சி பேசிவிட்டாராம். இன்னும் மூன்று மாதம் தற்காலிகம்தானாம். தலையாட்டிக்கொண்டே, வந்த பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் வாங்கும்போதுதான் உறைத்தது: அந்தப் பெட்டியில் ஆறாம் போர்ட் என்றே ஒன்று இருந்தது.