ஜெபாவின் கெண்டைக்கால்

இஞ்ச் டேப்பின் நுனியில் சின்னதாக ஒரு தகரப் பட்டை இருக்கும். அது காலில் பட்டதும் சில்லென்று இருக்கிறதென்று என் தம்பி ஜெபா நெளிந்து நெளிந்து சிரிப்பான். அவன் சிரித்தால் அளவு தப்பும், அம்மாவோடு வேலை பார்த்த கட்டிங் மாஸ்டர் "ஆடாத கண்ணு" என்று மறுபடி முதலிலிருந்து சுற்றுவார். தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் அப்பா நிட்டிங் மெஷினிலும் அம்மா ஓவர்லாக் தையலிலும் மாடாய் உழைத்துக்கொண்டிருந்த காலம். வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி வாடகைக்கு விடும் "லைன் வீட்டில்" நாங்கள் நாலு பேர். எனக்குப் பதிமூன்று வயது, அவனுக்குப் பத்து. அந்தக் கோடை விடுமுறை முழுக்க ஞாயிறுதோறும் இந்த அளவெடுப்பு நடந்தது.

ஜெபா நடந்தால் வயிறு முன்னே வரும், குதிகால் தரையில் படாது. கீழே உட்கார்ந்தால் சும்மா எழ மாட்டான். முதலில் தரையில் கை ஊன்றி, பிறகு முழங்காலில், பிறகு தொடையில் என்று தன் உடம்பையே பிடித்துப் பிடித்து ஏறித்தான் நிமிர்வான். ஆனால் கெண்டைக்கால்கள் மட்டும் பயில்வானுடையவை போலத் திரண்டு கிடக்கும். அதுதான் எங்கள் எல்லாருடைய கண்ணையும் கட்டியது. வீட்டுக்காரம்மா அவனைப் பார்க்கும்போதெல்லாம், "இத்தாத்தண்டி காலை வெச்சுக்கிட்டு உக்காந்தே கெடக்கறானே, செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டீங்க" என்பார். அம்மாவும் அதைத்தான் நம்பினாள். நானும் அவனைச் சோம்பேறி என்று வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

அவன் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தான். பள்ளியில் ஆறாம் வகுப்பு மாடியில், பதினெட்டுப் படி. தானாக ஏறி வருவானென்றால் சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள்:

"ஏட்டி, அவன் படி ஏறலைன்னா நீதான் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வீட்ல இருந்து பாத்துக்கிடணும். எனக்கு வேற ஆளு யாரு இருக்கா?"

அவன் ஏறினால்தான் எனக்கும் பள்ளிக்கூடம்.

அம்மாவின் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் இளவயதில் உடற்பயிற்சி செய்தவர், நல்ல மனிதர். காலில் எடை கட்டித் தூக்கினால் சதை இறுகும் என்று அவர்தான் சொன்னார். அம்மா வெட்டி மிஞ்சிய பனியன் துணியில் இரண்டு பைகள் தைத்தாள். எதிரே வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை அள்ளி, மளிகைக் கடைத் தராசில் வைத்து, ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ நிரப்பினாள். அதைக் கணுக்காலில் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு காலுக்கு ஐம்பது முறை தூக்கவைப்பது என் வேலை. கம்பெனியில் எந்த வேலையும் செய்யச் செய்யத்தான் கை வரும், அதனால் காலும் அப்படித்தான் வரும் என்று நினைத்தோம். அம்மாவும் அப்பாவும் ஓவர்டைம் பார்த்தார்கள், ஜெபாவையும் பார்க்கவைத்தோம்.

முதல் மாதக் கடைசியில் மாஸ்டர் டேப்பைத் தூக்கிக் காட்டினார். "ஒரு நூல் கூடியிருக்குதுங்க. விடாமப் பண்ணோணும்." அம்மா டேப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பனியனுக்கு நெஞ்சளவும் கையளவும் எடுத்தே வாழ்ந்தவர்கள் நாங்கள். டேப் சொன்னால் எங்களுக்கு அப்பீலே கிடையாது. ஆனால் அதே வாரத்தில்தான் அவன் தண்ணீர்க் குடத்தருகே இரண்டுமுறை விழுந்தான். ஐம்பது முறை தூக்கியவன் முப்பதிலேயே "போதும்க்கா, கால் கடுக்குது" என்று கெஞ்ச ஆரம்பித்தான். விழுவது கவனக்குறைவு, கெஞ்சுவது நடிப்பு என்று வைத்துக்கொண்டோம்.

மே மாதம் கரையக் கரைய எனக்குப் பயம் பிடித்தாட்டியது. ஒருநாள் அவன் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, யாருக்கும் தெரியாமல் பைகளின் வாயை அவிழ்த்து ஒவ்வொன்றிலும் இரண்டு கை மணலைக் கூடுதலாகப் போட்டுக் கட்டினேன். மறுவாரம் இன்னும் ஒரு கை. டேப்பில் அளவு ஏறியது. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

பள்ளி திறக்க நாலு நாள் இருக்கும்போது அப்பா அவனைப் பள்ளிப் படிக்கட்டுக்கு அழைத்துப்போனார், நானும் போனேன். கைப்பிடியைப் பிடித்து மூன்று படி ஏறினான். நாலாவதில் முழங்கால் மடங்கி, முகம் கல்லில் மோத விழுந்தான். அழவில்லை; "இன்னொரு தடவை ஏறட்டுமாப்பா?" என்று கேட்டான். அப்பா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

உதட்டுக்குத் தையல் போட்ட டாக்டர் கோயமுத்தூருக்கு அனுப்பினார். அங்கே சோதனைகள் முடிந்து நோய்க்குப் பெயர் சொன்னார்கள். தசைச் சிதைவு, நாளாக ஆகக் கூடும், மருந்து இல்லை. பயிற்சி சொல்லித்தரும் அம்மாள் ஜெபாவின் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது பலம் இல்லீங்க. தசை போன எடத்துல கொழுப்புச் சேந்து வீங்கியிருக்குது" என்றார். மணல் பை பற்றி அம்மா சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. எடையே கூடாது, களைக்கும் முன் நிறுத்திவிட வேண்டும், முடிகிறவரை நிற்கட்டும், நடக்கட்டும், குதிகால் நரம்பு சுருங்காமல் தினமும் நீட்டிவிடுங்கள் என்றார். எவ்வளவு எடை கட்டினீர்கள் என்று கேட்டார். அம்மா அரைக் கிலோ என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஜெபா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூனில் நான் பள்ளிக்குப் போனேன். அம்மா கம்பெனியை விட்டுவிட்டு, பனியனில் பிசிறு வெட்டும் வேலையை வீட்டிலேயே எடுத்துக்கொண்டாள். இதை முதலிலேயே செய்திருக்கக் கூடாதா என்று அவள்மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. தினமும் காலையில் அவன் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெல்ல மேலே சாய்த்து, முப்பது எண்ணுவேன். அடுத்த வருடம் அவன் நடை நின்றது. அப்போதும் நீட்டிவிட்டேன். அப்படி ஒருநாள், பதினேழில் எண்ணிக்கை போய்க்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்:

"அந்தப் பையில நீ மண்ணு கூடப் போட்டது எனக்குத் தெரியும்க்கா."

அப்புறம் ஏன்டா யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அளவு கூடுச்சுல்ல? சரியாயிரும்னு நானும் நெனச்சேன்."

எடை கட்டாவிட்டாலும் அந்த நோய் அவனை உட்காரவைத்திருக்கும் என்று பிறகு பல டாக்டர்கள் சொன்னார்கள். எத்தனை மாதம் கழித்து என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்த மாதங்கள்தான் வேண்டும். ஜெபா இருபது வயதைப் பார்க்கவில்லை.

லைன் வீட்டை இடித்து அங்கே குடோன் கட்டிவிட்டார்கள். கட்டிங் மாஸ்டர் எங்கே இருக்கிறாரென்று தெரியாது. போன மாதம் என் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க அதே பள்ளிக்குப் போனேன். ஆறாம் வகுப்பு கீழே வந்துவிட்டது. வாசலில் சக்கர நாற்காலி போகச் சரிவாகச் சிமென்ட் போட்டு, கம்பியும் வைத்திருக்கிறார்கள். மகள் அதில் ஓடி ஏறினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினேன். முப்பது எண்ணுவதற்குள் வகுப்பு வாசல் வந்துவிட்டது.