பாசிக்குப் போட்ட மருந்தும் எட்டுக் குடம் தண்ணீரும்

2004 கோடை. சென்னையே தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நேரம். நான் திருவொற்றியூரில் ஒரு மாடி வீட்டில் இருந்தேன், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம். நாலு டெஸ்ட் ட்யூபைக் கையில் பிடித்ததுமே உலகத்தில் எல்லாவற்றுக்கும் என்னிடம் ஃபார்முலா இருக்கிறது என்று ஒரு கெத்து. எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வரும். வீட்டுக்கு எட்டுக் குடம், அவ்வளவுதான்.

அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். முதலில் ஒன்று தங்காமல் போயிருந்ததால், இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்குக் கப்பலில் வேலை. கிளம்புவதற்கு முன் தன் வீட்டு மீன் தொட்டியை ஆட்டோவில் ஏற்றி வந்து, அக்காவின் கட்டிலுக்கு எதிரே வைத்துவிட்டுப் போனார். கொளத்தூரில் தேடித் தேடி வாங்கிய செடிகள், அதற்குள்ளே நியான், கப்பி என்று இருபத்தைந்து மீன் இருக்கும். "பத்திரம் மச்சான்" என்று என்னிடம்தான் ஒப்படைத்தார். டிவி அலுத்துப்போன அக்காவுக்குப் பகல் முழுக்க அந்தத் தொட்டிதான். எந்தக் கப்பி எத்தனை குட்டி போட்டது என்றுகூடக் கணக்கு சொல்வாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். தொட்டி பளிச்சென்று தெரியட்டும் என்று ஜன்னலோரம் தள்ளி வைத்தேன். லைட்டைக் காலையில் போட்டால் படுக்கும்போதுதான் அணைப்பேன். போகும்போதும் வரும்போதும் தீனி. இரண்டே வாரத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சையாகப் பாசி. செடி இலைகளில் நூல் நூலாகத் தொங்கியது.

"இன்னாடா, தொட்டியில கீரை கடைஞ்சி வெச்சிகீறியா? ஒரு மீனும் தெர்ல" என்றாள் அக்கா.

வளர்ப்பு மீன் கடைக்காரர், "ஜன்னலை விட்டுத் தள்ளி வையி, லைட்டைக் கொற, பாசியைக் கையால எடு, பொறுமையா இரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கையால் துடைப்பதற்கா நான் கெமிஸ்ட்ரி படிக்கிறேன்? குளத்துப் பாசியைக் கொல்ல மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், போடுவார்கள் என்று வகுப்பில் கேட்டது ஞாபகம் வந்தது. காலேஜ் லேபில் இருந்து அந்த நீலக் கல் கொஞ்சத்தைப் பேப்பரில் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை. அப்பா ஹார்பர் ஷிஃப்ட்டில், அம்மா ரேஷன் கடையில். லேபில் சொட்டுச் சொட்டாக அளக்கிற நான், வீட்டில் ஒரு ஸ்பூனைக் கண்ணளவில் டம்ளரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் பல் தேய்க்கப் போனேன்.

அரை மணி நேரத்தில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு நியான் பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே கீழே போனது. பின்னாலேயே இன்னொன்று.

"டேய், இன்னாத்தடா ஊத்துன?" அக்காவின் ஒரு கால் தரையில் இருந்தது.

"எறங்காதக்கா, நான் பாத்துக்கறேன்" என்று கத்தினேன். என்ன பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது. மீன் ஒவ்வொன்றாகச் செத்தால் அவள் கட்டிலில் இருக்க மாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. தொட்டித் தண்ணீரை உடனே மாற்ற வேண்டும். வீட்டில் இருந்ததோ குடிக்க வைத்திருந்த அரைக் குடம். நல்லவேளை, அந்த நேரம் தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் வரிசைக்கு நடுவில் புகுந்தேன்.

சட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். எதிர் வீட்டு மீன்காரப் பெண். காசிமேட்டில் மீன் எடுத்து, கூடவே உயிர் விராலும் வைத்து மார்க்கெட்டில் விற்பவர். போன தடவை இதே வரிசையில், "படிக்காதவங்ககிட்ட இன்னா பேச்சு" என்று நான் திமிராகச் சொல்லியிருந்தது அவரிடம்தான்.

"இன்னா நைனா, காலேஜ் போனா லைன் கெடையாதா?"

ஊற்றியது, மீன் சாவது, அக்கா காலைக் கீழே வைத்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"இந்தத் தண்ணியவா ஊத்தப் போற? அறிவு கீதா உனுக்கு? மருந்து வாடை அடிக்குது பாரு. நான் உசுரு விரால் விக்கிறவ. லாரித் தண்ணிய அப்டியே ஊத்துனா வாயப் பொளந்துடும். ஒரு நாள் வெச்சித்தான் ஊத்தணும்."

குளோரினைப் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவன் நான். அந்தத் தண்ணீரில் அது இருக்கும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

அவர் வரிசையை விட்டு வெளியே வந்தார். அந்த வருஷம் வரிசையை விட்டால், அடுத்த லாரி வரும் வரை இரண்டு நாளைக்கு வீட்டில் தண்ணீர் கிடையாது. "புள்ளத்தாச்சி வூட்ல உசுரு போய்கினு கீது. பழைய தண்ணி வெச்சிருக்கவங்க எட்த்தாங்கடி" என்று குரல் கொடுத்துக்கொண்டே தன் வீட்டுக்குள் போய் ஒரு குடத்தோடு வந்தார். கர்ப்பிணியின் கண் முன்னால் ஓர் உயிர் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பெரிய நம்பிக்கை. மற்ற நாளாக இருந்தால் நான் அதைக் கிண்டல் செய்திருப்பேன்.

"மீனு குளிக்கறதுக்கு என் குடமா? நல்லா கீதுடா உன் ஞாயம்" என்று திட்டிக்கொண்டே ஒருவர் கொடுத்தார். இன்னொருவர் சோற்றுக்கு வைத்திருந்ததை அப்படியே தூக்கி வந்தார். மொத்தம் எட்டுக் குடம். நான் பிளாஸ்டிக் மக்கால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு கக்கூஸ் வாளியில் ஊற்ற, மீன்காரப் பெண் புதுத் தண்ணீர் வேகமாக விழாமல் உள்ளங்கையைக் கொடுத்து மெதுவாக விட்டார். பாதி மாற்றினோம், கொஞ்சம் விட்டு மறுபடி மாற்றினோம்.

செத்ததை எல்லாம் அக்காவுக்குத் தெரியாமல் அவரே கையில் பொத்தி எடுத்தார். ஒன்பது. "அல்லாம் செடிக்குள்ள பூந்துகினு கீதும்மா, நீ படு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, வெளியே வந்து முந்தானையில் கண்ணைத் துடைத்தார். "டெய்லி கூடை மீனு வெட்றவ நானு. உன் வூட்டு மீனுக்கு அழுவுறேன் பாரு."

சாயங்காலம் மிச்சம் இருந்த மீன்கள் கீழே இறங்கி நீந்த ஆரம்பித்தன. அக்கா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்ணியிருப்பாள். ஆனால் காலைக் கீழே வைக்கவில்லை.

லாரி எப்போதோ போய்விட்டிருந்தது. வரிசையை விட்டு வந்தவர்களில் இரண்டு வீட்டில் அன்றைக்கு உலை வைக்கவில்லை என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்புறம் கடைக்காரர் சொன்னதைத்தான் செய்தேன். தொட்டியை ஜன்னலை விட்டு நகர்த்தினேன், லைட் ஆறு மணி நேரம், தீனி ஒரு வேளை, தினமும் கையால் துடைப்பு. பாசி போக ஒரு மாசம் பிடித்தது. அக்காவுக்கு மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. எதிர் வீட்டிலிருந்து முதல் ஆளாக வந்து பார்த்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் திமிருக்கு நல்ல அடி விழுந்த நாள்தான் அது. ஆனாலும் அதை நினைத்தால் வெட்கத்துக்கு முன்னால் என் கண்ணில் வந்து நிற்பது, திட்டிக்கொண்டே எங்கள் மாடிப்படியில் ஒன்றன் பின் ஒன்றாக ஏறி வந்த அந்தக் குடங்கள்தான்.