அறுபத்து நான்கு சிறகிகள்

என் அண்ணி ராமாத்தாளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் வேறு யாருமில்லை, நான்தான். இந்தக் காளியம்மாவின் வாய் அப்படி. அதனால் மிச்சத்தையும் நானே சொல்லிவிடுகிறேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசர காலத்தின் நான்காம் வருஷம். அலோர் காஜா பக்கத்தில் எங்கள் தோட்டத்து லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டாயிற்று. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது வாசலில் தலையை எண்ணுவார்கள். திரும்பி வரும்போது மறுபடியும் எண்ணுவார்கள். ஆட்டு மந்தை கெட்டது போங்கள்!

மாசி மாதம் ரப்பர் மரங்கள் இலை கொட்டும். வருஷத்தில் அப்போதுதான் எங்கள் கண்ணில் வானம் படும். அண்ணி பால் வெட்டும் மர வரிசை, அவள் நிரை, சதுப்பை ஒட்டியிருந்தது. மழைக்காலத்தில் வடக்கேயிருந்து வந்து தங்கிய சிறகி வாத்துகள், திரும்பிப் போவதற்காக அங்கே ஒன்றுகூடும் நேரமும் அதுதான். ஆண் வாத்துக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு இருக்கும். கடைசி மரத்தை வெட்டிவிட்டு அண்ணி அவற்றை எண்ணுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி மாதாமாதம் பட்டையில் போடும் குறிக்குப் பக்கத்தில், கத்தி முனையால் தன் கணக்கையும் கீறி வைப்பாள். பத்துக்கு ஒரு புள்ளி, ஒன்றுக்கு ஒரு கோடு. அவை கிளம்பிய நாளில், போன திசையைக் காட்டி ஒரு சாய்ந்த கீறல். அந்த மரத்தில் அப்படி மூன்று வருஷக் குறிகள் இருந்தன.

“எதுக்கு அண்ணி இந்தப் பொழப்பத்த வேலை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நம்மள வேலிக்குள்ள போட்டு ஒருத்தன் தெனம் எண்ணுறான்ல? வேலி இல்லாததுங்கள நான் எண்ணுறேன். எனக்கு அது சந்தோஷம்லா.”

ரோந்து வந்த போலீஸ்காரர்கள் அந்தக் குறிகளைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டார்கள். மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில், எல்லோர் முன்னாலும், வெள்ளைக்கார அதிகாரி அண்ணியைத் தனியே நிற்க வைத்தான். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தம்புசாமி மொழிபெயர்த்தார். புள்ளிகள் ஆள் கணக்காம், சாய்ந்த கீறல் வழியாம், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அண்ணி சேதி சொல்கிறாளாம்.

“அறியாம கீறிட்டேன்னு கைநாட்டு வை, ராமாத்தா. திட்டி விட்டுருவாங்க. இல்லேன்னா கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிருவாங்க” என்றார் கிராணி.

அண்ணி பிறந்ததே இந்தத் தோட்டத்தில். இந்தியாவை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. இரண்டு பிள்ளைகளும் என் அண்ணனும் இங்கே.

“அறியாம கீறல கிராணியாரே. எண்ணித்தான் கீறினேன். வாத்துக் கணக்கு அது. பொய்க்கெல்லாம் என் கட்டைவிரலக் கேக்காதீங்க.”

நாளைக் காலை பத்து மணிக்குள் கைநாட்டு வைக்க வேண்டும் என்று சொல்லி, அவளை ஆபீஸ் அறையில் பூட்டினார்கள். மரத்தில் காயம் பட்டால் பட்டையை மெல்லச் சீவி மறைப்பது வெட்டுக்காரர் பழக்கம். குறியே இல்லையென்றால் வழக்கேது என்று நினைத்தேன். விடிந்ததும் என் நிரையை அப்படியே விட்டுவிட்டு ஓடி, மூன்று வருஷத்தையும் சீவி எறிந்தேன். சனியன் பிடித்த புத்தி!

பத்து மணிக்கும் கைநாட்டு வைக்க மறுத்த அண்ணியை, குறியை நேரில் காட்டிக் கேட்க மரத்தடிக்கு அழைத்து வந்தார்கள். சீவிய இடத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. அதிகாரி கத்தினான். குற்றம் இல்லாதவள் எதற்கு ஆள் விட்டு அழிக்க வேண்டுமாம்?

“நான்தான் சீவினேன்” என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. “உன்ன யாருடி கேட்டா? நான் தப்பு பண்ணவளா, மறைக்கிறதுக்கு?” என்றாள். பிறகு அதிகாரிப் பக்கம் திரும்பினாள். “உங்க நோட்டுல இந்த வருஷக் குறி இருக்கா? ஆறு புள்ளி, நாலு கோடு. அறுபத்து நாலு. அதோ சதுப்பு. எண்ணிக்குங்க.”

மரங்களில் இலையே இல்லை. நின்ற இடத்திலிருந்தே தண்ணீர் தெரிந்தது. கிராணி மொழிபெயர்க்க, அதிகாரி தூரக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தான். அறுபத்து மூன்று என்றான்.

“கோரைக்குள்ள ஒண்ணு தூங்குது” என்று சொல்லி அண்ணி குனிந்தாள். ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினாள். கூட்டம் முழுவதும் எழும்பியது. கோரைக்குள்ளிருந்து கடைசியாக ஒன்று சடசடவென்று கிளம்பி அவற்றோடு சேர்ந்துகொண்டது. அதிகாரி நோட்டைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், நோட்டை மூடினான்.

மன்னிப்பா? அதெல்லாம் கிடையாது. இனிமேல் ஒரு கீறல் கண்ணில் பட்டாலும் கீறியவளுக்குக் கப்பல்தான் என்று கிராணி மூலம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினான்.

வாத்துகள் வட்டமடித்துவிட்டு அதே தண்ணீரில் இறங்கின. ஐந்தாம் நாள் சதுப்பு வெறிச்சோடிக் கிடந்தது. அண்ணி கத்தியோடு மரத்தை நோக்கி நடந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

“எந்தப் பக்கம் போச்சு அண்ணி?”

“வடக்க. நகருடி.”

நான் நகரவில்லை. நான் சீவிய இடத்துக்குப் பக்கத்தில், நல்ல பட்டையில், என் கத்தியாலேயே ஆறு புள்ளியும் நாலு கோடும் வைத்தேன். வடக்கே பார்த்து ஒரு சாய்ந்த கீறலும் போட்டேன். பின்னால் கங்காணி ராமையா வந்து நின்றது எங்களுக்குத் தெரியாது.

“யாரு கீறினது?” என்று அதட்டினார்.

அண்ணி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“காளியம்மா. பேர நல்லா கேட்டுக்குங்க கங்காணியாரே, போலீசுல தப்பா சொல்லிறாதீங்க.”